நீல அட்டை, பச்சை அட்டை

செப்டம்பர் 8, ஞாயிறு. இந்தியப் பெருங்கடல்

காலையில் மெட்டில்டா போனில் வந்தாள். மகன் ரொமால்டுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதாம். ஜனவரி பதினெட்டு, பொங்கல் கழிந்த சனிக்கிழமை, ஆக்லாந்தில். பெண் பிலிப்பைன்ஸ்காரி, பெயர் ஜாய், அங்கே நர்ஸாக இருக்கிறாள். இருபத்தெட்டு வருஷம் கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன் நான். பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் அவனே டிக்கெட் அனுப்புகிறானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகப்பன் பேச்சை மதிக்காதவன் அனுப்புகிற டிக்கெட்டில் என் வீட்டிலிருந்து யாரும் ஏற வேண்டாம்.

மெட்டில்டா அதற்கு ஏதோ பதில் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை, இந்தக் கப்பலின் இன்டர்நெட் அப்படி. "பெத்தவ கல்யாணத்துக்குப் போவாண்டாமா?" என்றது மட்டும் காதில் விழுந்தது.

போக வேண்டும். போவாள். அவன் தயவில் இல்லை, என் உழைப்பில் போவாள். கையில் இருந்ததெல்லாம் வீட்டு மாடி கட்டப் போய்விட்டது, அது வேறு விஷயம். வழி இன்னும் தெரியவில்லை. ஆனாலும் போவாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வழி சமையல்கட்டில் இருந்தது.

சீஃப் குக் சபுருதீன் பாய் காரைக்கால்காரர். இரண்டு காண்ட்ராக்டாக அவரும் நானும் ஒன்றாகவே கப்பலில் ஏறி ஒன்றாகவே இறங்குகிறோம். கப்பலில் சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குப் பாட்டு. பாய்க்குத் தொழுகையும் விமான மைலும். பறந்த தூரத்துக்கு விமானக் கம்பெனிகள் நம் கணக்கில் ஏற்றுகிற மைல், சேர்ந்தால் இலவச டிக்கெட். போன வருஷம் மனைவியை உம்ராவுக்குக் கூட்டிப் போனது முழுக்க மைலில்தான். அதை இதுவரை எனக்கு ஒரு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். இன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன்.

கம்பெனி எங்களைக் கப்பலில் சேர்க்கவும் இறக்கவும் உலகத்தின் எந்த மூலைக்கும் விமானத்தில் அனுப்புகிறது. டிக்கெட் கம்பெனியுடையது, பறந்த மைல் பறந்தவனுடையது. எந்த விமானத்தில் பறந்தாலும் அதனோடு கூட்டணியில் இருக்கிற எந்த விமானக் கம்பெனியின் அட்டையிலும் அந்த மைலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பயணத்துக்கு ஒரே அட்டை. சேர்த்த பிறகு மாற்ற முடியாது.

என்னிடம் பழைய நீல அட்டை ஒன்று பர்ஸில் கிடந்தது. பாய் தன் போனில் எண்ணைப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்திரண்டாயிரம் மைல் இருக்கிறது. பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

செப்டம்பர் 11

இன்ஜின் ரூமில் எண்ணெயைச் சுத்தப்படுத்துகிற இரண்டாவது பியூரிஃபயர் மறுபடி ஒழுகுகிறது. சீல் மாற்றினேன். கை முழுக்க எண்ணெய், எழுத முடியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பாயும் நானும் மெஸ்ஸில் உட்கார்ந்து தெளிவாகப் பார்த்துவிட்டோம்.

நீல அட்டையில் எங்கள் மாதிரிக் கப்பல்காரன் டிக்கெட்டுக்குப் பாதி மைல்தான் தருவார்கள். பழைய பயணம் என்றால் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஜூனில் கப்பலில் சேர வந்த பயணத்தையும் நவம்பரில் இறங்கிப் போகப்போகிற பயணத்தையும் போட்டால் அறுபத்தோராயிரம் ஆகும். ஆக்லாந்து போய்வர ஒருவருக்கு அறுபதாயிரம். ஒரு சீட்டு, ஐயமே இல்லை.

பச்சை அட்டை என்று இன்னொன்று இருக்கிறது. பாய் அதன் பக்தர். அதில் கப்பல்காரனுக்கும் முழு மைல், போய்வரவும் குறைச்சலாகவே கேட்கிறார்கள். பதினெட்டு மாதம் வரை பின்னால் போய்ப் பழைய பயணங்களைச் சேர்க்கலாம். போன வருஷம் ஜூனில் ஏறியது, இந்த பிப்ரவரியில் இறங்கியது, இந்த ஜூனில் ஏறியது, இனி நவம்பரில் இறங்கப்போவது என்று நான்கையும் போட்டால் முப்பத்தேழாயிரம் வரும். அங்கே ஒருவருக்கு முப்பதாயிரம். குடும்ப அட்டையாகப் போட்டால் கூட வருகிறவருக்கு ஆறாயிரம் போதும். அதாவது முப்பத்தாறாயிரத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போகலாம். ஆனால் நான்கில் ஒன்று குறைந்தால் இருபத்தெட்டாயிரம்தான், ஒரு சீட்டுகூடக் கிடையாது. ஒவ்வொரு பழைய பயணத்துக்கும் பறந்ததற்கான அத்தாட்சி காட்ட வேண்டும்.

அத்தாட்சி என்றால் போர்டிங் பாஸ். கப்பல்காரன் எவனிடமும் போர்டிங் பாஸ் இருக்காது. இறங்கியதும் முதல் வேலையாக அதைச் செலவுப் படிவத்தோடு பின் அடித்து ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். கப்பல் ஏறப் போகிறபோது துறைமுக ஏஜென்ட் வாங்கிச் சென்னைக்கு அனுப்பிவிடுவார். டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது திரும்ப வர வேண்டுமே. இருபத்தெட்டு வருஷமாக நான் பறந்ததெல்லாம் சென்னையில் ஏதோ ஒரு பீரோவில் துரு ஏறிய பின்னோடு கிடக்கிறது.

நீலம் போதும். முடிவு செய்துவிட்டேன். மெட்டில்டா ஒருத்தி போனால் போதுமே.

செப்டம்பர் 22, ஞாயிறு

பாய் விடவில்லை. பழைய போர்டிங் பாஸ்களை ஆபீஸில் கேட்டு வாங்கலாமே என்கிறார். பிப்ரவரியில் நான் இறங்கியது பிரிஸ்பேனில். அந்தப் பயணத்துக்கு நான் க்ளெய்ம் போடவில்லை, மறந்துவிட்டேன், அதனால் அந்த பாஸ் ஆபீஸிலும் இருக்காது என்று சொன்னேன். பாய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க க்ளெய்ம் போட மறந்தீங்களாண்ணே. சரி."

அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் அவர் வைத்த மீன் குழம்பும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நான் ஏன் ரொமால்டோடு பேசுவதில்லை என்று பாய்க்குத் தெரியும். நோட்டில் எழுதியதில்லை. எழுதி வைக்கிறேன்.

பிளஸ் டூ முடிந்ததும் அவனைக் கப்பல் வேலைக்கான ஆறு மாதப் பயிற்சியில் சேர்த்தேன். முடித்தான். என் பெயரைச் சொல்லி ஒரு கம்பெனியில் இடமும் வாங்கினேன். மும்பையில் போய்க் கப்பல் ஏற வேண்டிய நாளில் தூத்துக்குடி ஸ்டேஷனில் அவன் பெட்டியோடு நான் நிற்கிறேன், அவனைக் காணோம். தேடிப் போனால் ஒரு பேக்கரியின் பின்கட்டில் மக்ரூனுக்கு முட்டை வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறான். "எனக்கு இதுதாம்பா வருது" என்றான். என்னை நம்பி இடம் கொடுத்த கேப்டனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தானா?

இரண்டு வருஷம் கழித்து அந்த மாவு பிசைகிற கையை வைத்தே நியூசிலாந்துக்குப் போனான். போகிற அன்று, "நீ நிக்கிற மண்ணுல நான் கால் வைக்கமாட்டேன்" என்று வாசலில் வைத்துச் சொன்னேன். மெட்டில்டா கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்று வருஷம் ஆகிறது. சொன்னது சொன்னதுதான்.

அக்டோபர் 6, ஞாயிறு. சீனா, நங்கூரத்தில்

இடது பக்க ஜெனரேட்டர் அலாரம் அடித்ததாம். நான் அதற்குப் பத்தடியில் முதுகு காட்டி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். சீஃப் இன்ஜினியர் ஓடி வந்து நிறுத்தினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் இடது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தார், பிறகு வலது காதருகே. அடுத்த மெடிக்கலில் காதைப் பார்ப்பார்கள், தேறாது, ரெமிஜியுஸ், தயாராக இருந்துகொள் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

ஆக இன்டர்நெட்டில் குறை இல்லை.

இது கடைசிக் காண்ட்ராக்ட். இறங்கினால் இனிக் கம்பெனி டிக்கெட் கிடையாது, மைலும் கிடையாது. கையில் இருக்கிற இந்த ஒரு பயணத்தைத்தான் நீலத்திலோ பச்சையிலோ போட வேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

போனை வலது காதில் வைத்துப் பேசினேன். நன்றாகவே கேட்டது. உனக்கு ஒரு சீட்டு உறுதி, பாஸ்போர்ட்டை எடுத்து வை என்று பெருமையாகச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஒத்தையில நான் போவ மாட்டேன்" என்றாள்.

வழியில் மாறுகிற இடத்தில் எல்லாம் உதவிக்கு ஆள் வைத்திருப்பார்கள், சக்கர நாற்காலி கேட்டால்கூடத் தருவார்கள் என்று சொன்னேன். தனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். கோயிலுக்குப் புறப்படுமுன் பிள்ளையை முட்டி போடவைத்துத் தகப்பனும் தாயும் நெற்றியில் சிலுவை போட வேண்டாமா, நான் ஒருத்தி போட்டால் பார்க்கிறவர்கள் அவனுக்குத் தகப்பன் இல்லை என்றுதானே நினைப்பார்கள் என்று கேட்டாள்.

"நீங்க வந்தா நான் வாரேன். இல்லைன்னா ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிடுவோம்."

அக்டோபர் 14

கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு. பசிபிக்

இரண்டு நாளாகக் கப்பல் ஆடுகிறது. வெல்டிங் வேலை இல்லை. படுக்கையில் கிடந்து யோசித்தது போதும், எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இதிலும் பொய் எழுதினால் பிறகு எங்கேதான் நிஜத்தை எழுதுவது?

பிப்ரவரியில் நான் இறங்கியது பிரிஸ்பேனில் இல்லை. நியூசிலாந்தில், தவுரங்கா துறைமுகத்தில். ஏஜென்டின் வேன் பாயையும் என்னையும் மூன்று மணி நேரத்தில் ஆக்லாந்து ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டது. கம்பெனி அனுப்பினால் சபதத்தில் சேராது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருந்தது. ரொமால்டின் பேக்கரி அங்கிருந்து இருபது நிமிஷம் என்று மெட்டில்டா எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. நம்பரும் போனில் இருந்தது. "ஒரு போன் போடுங்கண்ணே" என்று பாய் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தொழ இடம் தேடி எழுந்து போய்விட்டார். நான் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தபடி உள்ளே வருகிற ஒவ்வொரு பையனின் முகத்தையும் பார்த்தேன். கூப்பிடாதவன் எப்படி வருவான்? வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

சென்னையில் இறங்கியதும் போர்டிங் பாஸைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஆறு மணி நேரம் அங்கே இருந்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்காமல் வந்தேன் என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டாள். க்ளெய்ம் போடாததும் அதற்குத்தான். போட்டால் ஆபீஸிலிருந்து படிவத்தின் நகல் வீட்டுக்கு வரும்.

பச்சை அட்டை வேண்டாம் என்று நான் சொன்னதற்கு மைல் காரணம் இல்லை. வெட்கம்தான் காரணம்.

அவன் என்னை ஒரு தடவை ஸ்டேஷனில் நிற்க வைத்தான். நான் அவனை ஐந்து வருஷமாக நிற்க வைத்திருக்கிறேன். போகப் போகிறேன். இரண்டு சீட்டு. என்ன ஆனாலும்.

நவம்பர் 2, சனி

முதலில் கிடைப்பதைத் தேடுவோம் என்று மெட்டில்டாவைச் சென்னை ஆபீஸுக்குப் போகச் சொன்னேன். இரண்டு ஜூன் மாதத்துப் போர்டிங் பாஸ்களையும் கேள், பிப்ரவரி பற்றி நான் பிறகு சொல்கிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். இரண்டு சீட்டுக்கு என்றேன். நாளைக்கு ராத்திரியே ரயில் ஏறுகிறேன் என்றாள். வலது காதில்தான் வைத்திருந்தேன்.

நவம்பர் 6, புதன்

இரண்டும் கிடைத்துவிட்டன. பழைய காகிதமெல்லாம் குடோனுக்குப் போய்விட்டது, ஒரு மாதம் ஆகும் என்றாராம் ஆபீஸ்காரர். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிட்டாள். இரண்டாவது நாளும் அதே நாற்காலி, அதே ஜெபமாலை. மத்தியானம் ஆள் அனுப்பிக் கட்டை எடுத்து வந்து கொடுத்துவிட்டார்கள். படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். பாய் அப்போதே பச்சை அட்டைக்குப் போட்டுவிட்டார். இனி ஜூன் பயணம் நீலத்துக்கு இல்லை. பாதி வாசலைத் தாண்டியாயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்க்கவே இல்லை.

"பிப்ரவரில நான் எறங்குனது பிரிஸ்பேன்ல இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அவளே சொன்னாள்.

"ஒங்க பெட்டியில ஒட்டியிருந்த சீட்டப் பிச்சது நாந்தான். ரொமால்டு போறப்ப அவன் பெட்டியில பெருசா ஒட்டுனாகளே மூணு எழுத்து, அது ஒங்க சீட்டுல ஓரத்துல பொடிசாப் போட்டிருந்துச்சு. பைபிளுக்குள்ள வச்சிருக்கேன்."

"பொறவு ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்."

ஒன்பது மாதம். சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஜூனில் பெட்டி கட்டி அனுப்பினாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மணி நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அதற்குத்தான் அழுதாள். நானும் அழுதேன். கேபின் கதவைச் சாத்தியிருந்தேன், யாருக்கும் கேட்டிருக்காது.

நவம்பர் 11

லக்கேஜ் சீட்டின் படம் வந்தது. நடுவில் மடிப்பு. என் பெயர், தேதி, விமான எண், ஓரத்தில் AKL. போர்டிங் பாஸ் இல்லாவிட்டால் இதையும் அத்தாட்சியாக ஏற்பார்களா என்று பாய் பச்சை அட்டைக்காரர்களுக்கு எழுதினார். அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம் என்று பதில். அனுப்பிவிட்டோம். பரிசீலிக்கிறோம் என்றால் ஆம் என்று அர்த்தமில்லை என்று பாயே சொல்கிறார். இந்த மனுஷன் இன்று பார்த்து உண்மை பேசுகிறார்.

நவம்பர் 19

வான்கூவர் தெரிகிறது. மலையில் பனி. பதில் இல்லை.

நவம்பர் 23, சனி. வான்கூவர் ஏர்போர்ட்

என் ஹெல்மெட்டை சீஃப் இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். கைகுலுக்கி என் வலது காதருகே வந்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார்.

பதில் இன்னும் வரவில்லை. கவுன்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது பாய்க்கே பயம் வந்துவிட்டது. ஜூன் பயணத்தைக் கொடுத்துவிட்டாலும் நீலத்தில் ஐம்பத்தாறாயிரம் வரும், குறைகிறதை எப்படியாவது தேற்றி ஒரு சீட்டாவது எடுத்துவிடலாம், அக்காவாவது போவாங்க, நல்லா யோசிங்கண்ணே என்றார். பச்சையில் போட்டு பிப்ரவரியை மறுத்துவிட்டால் எல்லாம் போச்சு.

யோசிக்க என்ன இருக்கிறது? ஒற்றைச் சீட்டை வைத்து நான் என்ன செய்ய? அவள் போகமாட்டாள். நானும் இனி அவளை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

கவுன்டரில் இருந்த பெண் மெம்பர் எண் ஏதாவது உண்டா என்று கேட்டாள். பச்சை அட்டையின் எண்ணைப் பார்க்காமலே சொன்னேன்.

இந்தத் தடவை போர்டிங் பாஸைப் பின் அடிக்கக் கொடுக்கமாட்டேன். சட்டைப் பையில் இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு. தூத்துக்குடி

பதில் இல்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, அடைத்தேன். மெட்டில்டா பாஸ்போர்ட்டுகளை மேசை மேல் எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டையும்.

டிசம்பர் 7, சனி

காலை பத்து மணிக்கு வந்தது. 'பிப்ரவரி 11, ஆக்லாந்து–சென்னை, ஏற்கப்பட்டது.' மூன்று தடவை படித்துவிட்டு மெட்டில்டாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். காரைக்காலுக்குப் போன் போட்டால் பாய் என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறார். அவர் லைனில் இருந்தபடியே எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். ஜனவரி பதிமூன்று, இரண்டு சீட்டு, பக்கத்துப் பக்கத்தில். விசாவுக்குத் திங்கட்கிழமை போகிறோம்.

நாளைக்கு நம் கோயிலில் அவனுடைய கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசிக்கிறார்கள். இன்னார் மகன் என்று என் பெயரைச் சொல்லித்தான் வாசிப்பார்கள். அதற்கு முன் அவனிடம் பேசியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் மெட்டில்டா அவனைக் கூப்பிட்டுப் போனை என் வலது காதில் வைத்துவிட்டாள்.

"அம்மா?" என்றான்.

"அப்பா பேசுதேன்" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் வாரோம். பதினாலாம் தேதி எறங்குதோம்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்கிற மூச்சு. பிறகு, கடையில் வேலை முடிந்து வரக் கொஞ்சம் பிந்தினாலும் பிந்தும், தெரியாத ஊரில் அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே நிற்பீர்கள் என்று கேட்டான்.

"நீ மெல்ல வா. கதவுப் பக்கத்துல மஞ்சள் நாற்காலி கெடக்கும், அதுல உக்காந்திருக்கோம். எனக்கு அந்த எடம் தெரியும்."

"ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான்.

சொன்னேன்.